க்யூ பெல்ட் ஸ்டாண்டு வாங்கும்போது கம்பத்தை விடுங்கள், தலையையும் அடியையும் பாருங்கள்

தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நிர்வாக வேலை பார்க்கிறேன். காலை 8 மணிக்கு ஓ.பி. சீட்டு போட ஆரம்பித்தால் 11 வரைக்கும் ஹாலில் நிற்க இடமிருக்காது, அதிலும் கண் பிரிவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள், துணைக்கு வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். இந்த ஹாலுக்காக இரண்டு தடவை க்யூ ஸ்டாண்டு வாங்கியிருக்கிறோம். கடைகளில் க்யூ மேனேஜர் என்று கேட்டால் தருவார்கள். பெல்ட்டை இழுத்துப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டினால் வரிசை, கழற்றி விட்டால் தானாக உள்ளே சுருண்டுகொள்ளும், அதேதான். முதலில் வாங்கிய 20-ல் ஒரு வருடம் கழித்து ஒழுங்காக இருந்தவை 7. இரண்டாவது தடவை வாங்கியவை நாலாவது வருடமாக ஓடுகின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தால் எது எந்த செட் என்று உங்களால் சொல்ல முடியாது, அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் தடவை நாங்கள் பார்த்தது பளபளப்பையும் விலையையும். பில்லில் 'எஸ்.எஸ்.', அதாவது எவர்சில்வர், என்று மட்டும் போட்டிருந்தது, என்ன கிரேடு என்று நாங்களும் கேட்கவில்லை. சந்தையில் எவர்சில்வர் என்று வருவதில் 202, 304, 316 என்று வகை இருக்கிறது. 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல் விலையைக் குறைக்க நிக்கலைக் குறைத்து மாங்கனீசை ஏற்றியிருப்பார்கள், துருவைத் தாங்கும் சக்தியும் கூடவே இறங்கிவிடும். 316-ல் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், கடற்கரைக்கு அதுதான் மேல், ஆனால் ஹாலுக்குள் நிற்கிற கம்பத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் கருத்து. காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல எவர்சில்வர் என்று ஒரு பேச்சு உண்டே, அதை நம்பி இறங்காதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. வெல்டிங் பட்டறைகளில் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், கம்பத்தில் ஒரு துளி விட்டால் மாங்கனீசு அதிகமுள்ள 202 நிறம் மாறிக் காட்டிவிடும். இரண்டாவது தடவை அந்தச் சொட்டு மருந்தைக் கையோடு கொண்டுபோனோம். பில்லிலும் 304 என்று எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஆனால் ஸ்டீலைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், துரு எங்கே பிடித்தது என்று குனிந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கம்பத்தின் நடுவிலும் மேலேயும் ஒன்றுமில்லை. அடித்தட்டோடு சேருகிற இடத்தில், தரையிலிருந்து நாலு விரல் உயரம் வரைக்கும் பழுப்பு வளையம். ஆஸ்பத்திரித் தரையை ஒரு நாளைக்கு மூன்று தடவை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் துடைக்கிறோம், மாப் ஒவ்வொரு தடவையும் அடித்தட்டில் இடித்து நிற்கும், அந்தத் தண்ணீர் இடுக்கில் தங்கிவிடும். ப்ளீச்சிங் தண்ணீரிலும் கடல் உப்பிலும் இருக்கிற குளோரைடு எவர்சில்வருக்கு நேர் எதிரி. கடற்காற்று தூரத்திலிருந்து செய்கிற வேலையை நாங்களே கிட்டவிருந்து செய்துகொண்டிருந்தோம். இப்போது ஹவுஸ்கீப்பிங் அக்காமார் கடைசியில் ஒரு ஈரத்துணியை நல்ல தண்ணீரில் பிழிந்து ஒவ்வொரு அடியையும் துடைத்துவிடுகிறார்கள். 202-ஐயே வாங்கியிருந்தாலும் இந்த ஒரு பழக்கம் அதன் ஆயுளை நீட்டியிருக்கும்.

சரி, வீணாய்ப்போன 13-ல் துருவால் போனவை எத்தனை? மூன்று. மற்ற பத்தும் போனது தலையால்.

தலை என்றால் கம்பத்தின் உச்சியில் பெல்ட் சுருண்டிருக்கிற டப்பா. உள்ளே ஆசாரி வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பில் இருப்பது மாதிரி ஒரு ஸ்பிரிங். தலைக்கு நாலு பக்கம், ஒரு பக்கத்தில் சொந்த பெல்ட் வெளியே வரும், மற்ற மூன்று பக்கமும் அடுத்த கம்பத்தின் பெல்ட்டை வாங்கிக்கொள்ளும் காடி. பெல்ட் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் கொக்கி இந்தக் காடியில் இறங்கி உட்காரும். எங்கள் முதல் செட்டில் முதலில் போனது இந்தக் கொக்கி. ஆட்கள் பெல்ட்டில் சாய்வார்கள், மஞ்சப்பையை மாட்டுவார்கள், குழந்தைகள் தொங்குவார்கள், இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் வாங்க வேண்டும். கொக்கி மெல்லிசாக இருந்தால் காது உடைந்துவிடும், அப்புறம் அந்தக் கம்பம் நன்றாக இருந்தும் பிரயோசனமில்லை. அடுத்தது ஸ்பிரிங் தளர்ந்து பெல்ட் நடுவில் தொய்வது. அதற்கு அடுத்தது பெல்ட் ஒரு முறுக்கோடு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்வது. மூன்றுமே சின்னப் பழுதுதான், ஆனால் அந்தத் தலையை ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். திறக்க வழியில்லை, சப்ளை செய்தவரிடம் தனித் தலையும் இல்லை, புதுசாக முழு ஸ்டாண்டே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டாவது செட்டில் தலை இரண்டு ஸ்க்ரூவில் கழன்று வருகிறது. உள்ளே இருப்பது பெல்ட், ஸ்பிரிங், கொக்கி எல்லாம் சேர்ந்த ஒரே கேசட், பழுதானால் அதைத் தூக்கிப் புதியதைச் செருகிவிடலாம், எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பிக்குப் பத்து நிமிட வேலை. நாலு வருடத்தில் ஐந்து கேசட் மாற்றியிருக்கிறோம். அதாவது இதுவும் பழுதாகத்தான் செய்கிறது, ஆனால் தூக்கிப்போட வேண்டிவரவில்லை. விலை முதல் செட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இரண்டு மடங்கை நான் எந்த கமிட்டி முன்னாலும் நின்று நியாயப்படுத்துவேன்.

தலையில் இன்னொன்று இருக்கிறது, பெல்ட் சுருளும் வேகத்தை அடக்கும் பிரேக். பழைய செட்டில் அது கிடையாது. ஒருநாள் ஒரு பையன், ஐந்து வயது இருக்கும், கொக்கியைத் தட்டிவிட்டான், இரண்டு மீட்டர் பெல்ட் சாட்டை மாதிரி திரும்பி வந்து கொக்கி அவன் கன்னத்தில் அடித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. கண் பார்க்கிற இடத்தில் நாங்களே ஒரு குழந்தையின் கண்ணைக் கெடுத்திருப்போம் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த வாரமே பழைய ஸ்டாண்டுகளைக் குழந்தைகள் வராத பில்லிங் பக்கம் மாற்றினோம். கடையில் பார்க்கும்போது பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, கையை விட்டுவிடுங்கள். கடைசி ஒரு அடியிலும் வேகம் ஏறாமல் நிதானமாக உள்ளே போக வேண்டும். போகவில்லையா, அடுத்த மாடலைப் பாருங்கள், கடைக்காரர் என்ன சொன்னாலும். கொக்கியிலேயே ஒரு லாக் இருந்தால் இன்னும் நல்லது, அழுத்தினால்தான் கழலும்.

இப்போது அடி. பழைய செட்டில் மேலே மெல்லிய தகடு, உள்ளே சிமென்ட். தூக்கும்போது மூன்று நாலு தடவை கீழே விழுந்ததில் உள்ளே சிமென்ட் விரிந்து பொடி கொட்டியது, எடை குறைந்தது, அதன்பின் பெல்ட்டின் இழுப்புக்கே வரிசையின் ஓரக் கம்பம் சாய ஆரம்பித்தது. நடுக் கம்பத்தை இரண்டு பக்கமும் இழுப்பதால் அது தாக்குப்பிடிக்கும், ஓரக் கம்பத்தை ஒரே பக்கம்தான் இழுக்கும், சோதித்துப் பார்ப்பதென்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். புது செட்டில் வார்ப்பிரும்பு அடி, ஸ்டாண்டின் மொத்த எடை 12 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அடியைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறது, அது முக்கியம், ஏனென்றால் யாரும் ஸ்டாண்டைத் தூக்குவதில்லை, சாய்த்து விளிம்பில் உருட்டிக்கொண்டுதான் போவார்கள். ரப்பர் கழன்ற மறுநாளே டைல்ஸில் அரைவட்டக் கீறல் விழும். அடித்தட்டு குவிந்து உயரமாக இருக்கக் கூடாது, விளிம்பு தரையோடு தாழ்ந்து வர வேண்டும், காலை இழுத்து இழுத்து நடக்கிறவர்கள் அதில்தான் தட்டுவார்கள்.

பெல்ட் 2 மீட்டரா 3 மீட்டரா என்று கேட்பார்கள். 6 மீட்டர் நீளத்தில் ஐந்து வரி அமைக்க 2 மீட்டர் பெல்ட் என்றால் வரிக்கு 4 வீதம் 20 கம்பம், 3 மீட்டர் என்றால் வரிக்கு 3 வீதம் 15 போதும். செலவு கால்வாசி குறைகிறது. ஏர்போர்ட் மாதிரி ஆட்கள் பெல்ட்டைத் தொடாத இடத்துக்கு 3 மீட்டர் சரி. எங்கள் ஹாலுக்கு நான் 2 மீட்டர்தான் சொல்வேன், நீளம் கூடினால் தொய்வும் கூடும், தொய்ந்தால் குனிந்து நுழைகிறவர்களும் கூடுவார்கள்.

கண் பிரிவில் இருப்பதால் தெரிந்துகொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்பாப்பா விரிய சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வருகிறவருக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். வெள்ளை டைல்ஸ் தரையில் கண்ணாடி மாதிரி மின்னும் எவர்சில்வர் கம்பம் அவர்களுக்குத் தெரிவதே இல்லை, தரையைத்தானே அது திருப்பிக் காட்டுகிறது. அதனால் இரண்டாவது தடவை பாலிஷ் குறைந்த கம்பமும் மஞ்சள் பெல்ட்டும் எடுத்தோம். கறுப்பு பவுடர் கோட்டிங் அடித்த சாதா இரும்புக் கம்பம் இதைவிடப் பளிச்சென்று தெரியும், விலையும் குறைவு, ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்து துரு கோட்டிங்குக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். மதுரை, கோயம்புத்தூர் என்றால் நான் தயங்காமல் அதையே எடுத்திருப்பேன்.

வெள்ளைக் கைத்தடியோடு வருகிறவர்கள் விஷயம் இன்னும் முக்கியம். பெல்ட் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தடி அதன் அடியில் நுழைந்து போய்விடும், பெல்ட் வயிற்றில் இடித்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அமெரிக்காவின் அணுகல் விதிகளில் தடியால் உணர வேண்டிய தடுப்பின் கீழ்விளிம்பு 27 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. கீழே இன்னொரு பெல்ட் உள்ள இரட்டை பெல்ட் மாடல் கிடைக்கிறது, எல்லாக் கம்பத்துக்கும் வாங்க முடியாவிட்டாலும் நுழைவாயில் பக்கம் நாலைந்துக்காவது வாங்குங்கள். வீல்சேருக்கு நேர்பாதையில் 90 செ.மீ. அகலம் போதும், ஆனால் முழுசாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வேண்டும், வளைந்து வளைந்து போகும் வரிசையில் அது கிடைக்காது. நாங்கள் சுவரோரமாக வளைவில்லாத ஒரு தனிப் பாதை விட்டிருக்கிறோம்.

பெல்ட்டே வேண்டாம், கோயில்களில் இருப்பது மாதிரி தரையில் பதித்த எஸ்.எஸ். பைப் போட்டுவிடலாம் என்று எங்கள் கமிட்டியிலேயே ஒரு பேச்சு வந்தது. உறுதிக்கு அதை அடிக்க ஆளில்லை, வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நிற்கலாம், பெல்ட்டில் அது முடியாது, இந்த ஒரு காரணத்துக்காக நான் இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் மதியம் 3 மணிக்கு ஐந்தே பேர் இருக்கும்போதும் அந்த ஐந்து பேரும் முழு வளைவையும் சுற்றித்தான் கவுன்டருக்கு வர வேண்டும், ஸ்ட்ரெச்சர் குறுக்கே வந்தால் ஒதுக்க முடியாது. கடைசியில் கவுன்டருக்கு முன்னால் இரண்டு மீட்டர் மட்டும் பைப், மீதி பெல்ட் என்று முடிவானது. வெல்வெட் கயிறு மாட்டும் ஸ்டாண்டில் ஸ்பிரிங்கே இல்லாததால் கெட்டுப்போக ஒன்றுமில்லை, கல்யாண மண்டபத்துக்கு அழகு, ஆஸ்பத்திரிக்கு ஆகாது, துடைக்க முடியாத துணி. பிளாஸ்டிக் சங்கிலி போட்ட ஸ்டாண்டு வெளியே முகாம் போடும்போது உதவும், அடியில் தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்புங்கள், அதே இடத்துக்கு ஒன்றரை மடங்கு எடை கிடைக்கும். வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் அது நொறுங்கத் தொடங்கும்.

முண்டியடிக்கிற கூட்டத்துக்கு இதில் எதுவுமே ஆகாது. 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசலாகி 6 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி இடங்களில் இடமும் நேரமும் பிரித்து ஆட்களை அனுப்ப வேண்டும், இரும்புத் தடுப்பும் வெளியேற வழியும் வேண்டும். பெல்ட் ஸ்டாண்டு வழி காட்டுமே ஒழிய யாரையும் தடுக்காது. அங்கே அது விழுந்தால் காலில் தட்டும் பொருளாகிவிடும்.

எங்களுக்கும் 60 பேர் நிற்கிற நாள் உண்டு. அதற்காக இன்னும் பத்து ஸ்டாண்டு வாங்கலாமா என்று போன மாதம் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் நாற்காலி வாங்கி, டோக்கன் கொடுத்து உட்காரவைத்து, ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேரை மட்டும் வரிசைக்கு அழைக்கிறோம். மிச்சமானதில் மூன்று கேசட்டும் ஒரு டஜன் ரப்பர் வளையமும் வாங்கி ஸ்டோரில் வைத்தாயிற்று.