ஹட்டனில் இருந்து ஐஸ் போட்டிக்கு: குவாட் ஸ்கேட்ஸா, இன்லைன் ஃபிரேமா?

வளர்ந்த பிறகு ஸ்கேட்டிங் பழகி, முதல் ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. இருப்பதோ இலங்கை மலைநாட்டு ஹட்டனில். துபாயில் வேலை செய்த காலத்தில் அங்குள்ள மாலின் ஐஸ் தளத்தில் பழகினேன். போட்டியும் அங்கேதான். கடைசி வாரங்களில் அக்கா வீட்டில் தங்கி ஐஸில் ஏறலாம், அதுவரை இங்கே சக்கரத்தில்தான் பயிற்சி.

சக்கரம் என்றால் இரண்டு வழி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு சக்கரம் வைத்த குவாட் ஒன்று. ஐஸ் சப்பாத்தின் அடியில் பிளேடு இருக்கும் இடத்தில் பூட்டுகிற, ஒரே வரிசையில் மூன்று சக்கரம் உள்ள ஃபிகர் இன்லைன் ஃபிரேம் இன்னொன்று. நான் ஃபிரேமைத்தான் எடுத்தேன். யாராவது கேட்டால் அதையே சொல்வேன். கடைகளில் தொங்குகிற சாதாரண இன்லைன் ஸ்கேட்ஸ் இந்தப் பேச்சில் வராது. அதன் சக்கரங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும், முன்னால் ரப்பரும் இருக்காது. அதில் ஃபிகர் பழக முடியாது.

குவாட்டின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: விலை குறைவு, நிற்கும்போது தைரியம், புதிதாகத் தொடங்குபவருக்குப் பயம் குறைவு. அதைக் குறைத்தும் பேச முடியாது. 1947 முதல் உலகப் போட்டி நடக்கிற கலை அது, அதில் மூன்று சுற்றுப் பாய்ச்சல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் போட்டியே ரோலர் போட்டி என்றால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை, குவாட்டை எடுங்கள். குவாட்டில் நான் போட்டிக்கு இறங்கியதில்லை, தெரிந்தவர்களுடையதைப் போட்டுப் பழகிப் பார்த்ததோடு சரி. அந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் போட்டி என்றால் விஷயம் வேறு. பிளேடின் அடிப்பக்கம் நேர்கோடு அல்ல, முன்னும் பின்னும் லேசாக மேலே வளைந்திருக்கும். அந்த வளைவில்தான் த்ரீ டர்ன், அதாவது ஒற்றைக் காலில் முன்னோக்கிப் போவதைப் பின்னோக்கி மாற்றும் திருப்பம், திரும்புகிறது. ஃபிகர் ஃபிரேமில் நடுச் சக்கரம் சற்றுத் தாழ்ந்திருப்பதும் இதே வேலைக்குத்தான். பிளேடின் முனைப் பற்கள் இருக்கிற இடத்தில் ரப்பர் முனை இருக்கிறது, டோ லூப் பாய்ச்சலுக்கு அதைக் குத்தி எழும்பலாம். குவாட்டில் சாய்ந்தால் அடியில் சக்கர அச்சைத் தாங்கும் டிரக் திரும்பி வளைவு எடுக்கும். கால் தரையில் அகலமாக நிற்பதால், ஒற்றைக் கோட்டில் நிற்கிற அந்தத் தள்ளாட்டம் கணுக்காலுக்குப் பழகுவதில்லை. சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் வளர்ந்தோர் போட்டிகளில், 28 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வெண்கல (Bronze) பிரிவில், ஒன்றரைச் சுற்று ஆக்ஸல் பாய்ச்சலுக்கே அனுமதி கிடையாது. சால்கோ, டோ லூப் மாதிரி ஒற்றைச் சுற்றுதான். அதனால் முதல் போட்டிக்கு உயரமாகப் பாய்வதைவிட, பிளேடின் விளிம்பில் நிதானமாக நிற்பதும் சுத்தமாக இறங்குவதும்தான் கைகொடுக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. இங்கே ஈரம் சும்மா விடாது. மே கடைசியில் தென்மேற்கு மழை தொடங்கினால் செப்டம்பர் வரை ஹட்டனில் துணியே காயாது. பூட்டி வைத்த அலுமாரிக்குள் தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பேரிங்கை யோசித்துப் பாருங்கள். குவாட் ஒரு ஜோடிக்கு எட்டுச் சக்கரம், சக்கரத்துக்கு இரண்டாகப் பதினாறு பேரிங். மூன்று சக்கர ஃபிரேம் ஜோடிக்குப் பன்னிரண்டு. நாலு பேரிங் வித்தியாசம் பெரிதில்லை என்று தோன்றும். குவாட்டில் அதோடு முடிவதில்லை. டிரக்கின் ரப்பர் குஷன் காலுக்கு நாலு, டிரக்கின் முனை உட்காரும் பிவட் கப் இரண்டு, நடு போல்ட், நட். குஷன் இறுகினாலோ வெடித்தாலோ சாய்வு மாறிவிடும், நேற்று எடுத்த வளைவு இன்று வராது. அதற்கு மாற்றுக் குஷன் இங்கே எங்கே தேடுவது? ஃபிரேமில் அசையும் பொருள் சக்கரம் மட்டும்தான்.

பேரிங் பிரச்சினை இல்லை. ஸ்கேட்டில் பொதுவாக வருவது 608 அளவு, நடுத் துளை 8 மில்லிமீற்றர். டவுனில் மோட்டர் திருத்துகிற கடையில் ஒன்றைக் காட்டினேன். "டீச்சர், இது சின்ன மோட்டர்ல போடுறதுதானே" என்று டப்பாவிலிருந்து எடுத்து நீட்டினார். சில குவாட்டுகளில் அச்சு 7 மில்லிமீற்றர், அவற்றுக்கு இந்த 608 பொருந்தாது. வாங்கும் முன் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

சுத்தம் செய்வது இப்படி. பயிற்சி முடிந்ததும் சக்கரத்தைத் துணியால் துடைத்து, அடுப்படிப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். சக்கரத்தைத் தட்டிவிட்டால் சீராக ஓடி மெதுவாக நிற்க வேண்டும். உள்ளே நறநற என்று சத்தம் வந்தால், பேரிங்கைக் கழற்றி, ஊசியால் மூடியைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. எண்ணெய் கூடினால் தூசி சேர்ந்து பிசுபிசுக்கும். துரு ஆழமாகப் பிடித்துவிட்டால் அலசிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். திரும்பும் நேரத்தில் ஒரு சக்கரம் இறுகினால் விழுவது முழங்காலில்.

ஃபிரேமுக்கும் ஒரு பலவீனம் உண்டு. போட்டிக்குப் போடும் சப்பாத்திலேயே பிளேடைக் கழற்றி ஃபிரேம், ஃபிரேமைக் கழற்றி பிளேடு என்று மாற்றிக்கொண்டிருந்தால் அடித்தோலில் ஸ்குரூ ஓட்டை பெரிதாகிவிடும். ஈரம் ஏறிய தோலில் இன்னும் சீக்கிரம். எனவே பழைய ஐஸ் சப்பாத்தொன்றில் ஃபிரேமை நிரந்தரமாகப் பூட்டுவதே நல்லது. என்னுடைய முந்தைய ஜோடி அதற்குத்தான் உதவுகிறது. பழைய சப்பாத்து இல்லாதவருக்குச் செலவு கூடும், அவர் குவாட் பக்கம் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது.

இடம் இரண்டுக்கும் ஒன்றுதான். நம்முடைய ரோடுகள் எல்லாம் இறக்கம், அங்கே இறங்கவே வேண்டாம். தோட்டத்துச் சமூக மண்டபமோ, அனுமதி கிடைத்தால் பாடசாலை மண்டபமோ போதும். சீமெந்து சொரசொரப்பாக இருந்தால் கொஞ்சம் மென்மையான சக்கரம், பொலிஷ் போட்ட சிவப்புத் தரை என்றாலும் அதேதான், ஏனென்றால் பனிமூட்டம் உள்ளே வந்தால் அது வழுக்கும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். வருடக் கடைசி மழைதான் அவர்களுக்குத் தொல்லை, ஜூன், ஜூலையில் நாங்கள் நனையும்போது அவர்கள் தாராளமாகப் பழகலாம்.

சுழற்சியைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஃபிரேமில் நிமிர்ந்த சுழற்சி எனக்கு வருகிறது, உட்கார்ந்த சுழற்சியில் சக்கரம் தரையைப் பிடித்து வேகத்தைக் குடித்துவிடுகிறது. சக்கரம் ஐஸ் மாதிரி வழுக்காது, அதனால் பிரேக் பிடிக்கும் பழக்கமும் மாறிவிடும். இவற்றுக்காகத்தான் கடைசி வாரங்களை ஐஸுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஃபிரேமை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறவர்கள் கூடவே மாற்று ரப்பர் முனையும் உபரிச் சக்கரங்களும் சேர்த்து எடுத்துவிடுங்கள். பேரிங் மாதிரி அவை டவுனில் கிடைக்காது, சீமெந்தில் ரப்பர்தான் முதலில் தேய்கிறது.