சீனக் குடும்பப் பேச்சை அளக்க: வினாத்தாளா, நேரில் பார்ப்பதா?

சீனக் குடும்பங்களை ஆராயப் போகிறவர்கள் பலரும் முதலில் திணறும் இடம் இது.

செலவு
வினாத்தாள்: ஓல்சன், பார்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் அமைத்த குடும்பத் தொடர்பு அளவுகோலில் 10 கேள்விகள்தான். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 10 முதல் 50. சில நிமிடங்களில் முடியும்.
நேரில்: நாள்கணக்கில் ஆள் வேண்டும்.

ஒப்பிடுவது
வினாத்தாள்: எண் இருப்பதால் சுலபம்.
நேரில்: பார்ப்பவரைப் பொறுத்தது.

நம்பகம்
சிக்கலே இங்கேதான். மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்வதே நல்ல தொடர்பு என்று அந்தக் கேள்விகள் எடுத்துக்கொள்கின்றன. பல சீன வீடுகளில் மகளைத் திட்டிய அம்மா, சற்று நேரம் கழித்துப் பழம் நறுக்கி, தட்டை அவள் மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். சமாதானம் அதுதான். இதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? பிறர் முன் மதிப்பு குறையக் கூடாது என்கிற 'மியன்ட்சு', அதாவது முகமரியாதையும், தன் வீட்டுக் குறையை வெளியே சொல்ல விடாது. நேரில் போனாலும் அதே தடைதான்; ஆனால் பழகப் பழகத் தளரும்.

ஆயிரம் பேரிடம் கேட்க வேண்டுமா? வினாத்தாள் போதும், பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாக வாங்குங்கள். பத்துக் குடும்பங்களுக்கு உதவ வேண்டுமா? கண்டிப்பாக நேரில் போங்கள், அதுவும் சாப்பாட்டு வேளையில்.