விதையா, பெல்லட்டா, வீட்டுத் தட்டா? வேலூர் வெயிலில் கிளிக்கு எது ஒத்துவரும்

வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் வீடுகளில் வளர்வது பெரும்பாலும் பட்ஜெரிகர் (நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்பது இதைத்தான்), காக்டீல், சன் கான்யூர். அங்கங்கே ஒரு ஆப்பிரிக்கன் கிரே. மரத்தில் பறக்கும் நம் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் இங்கே பேசுவதெல்லாம் வெளிநாட்டு இனங்களைப் பற்றித்தான்.

தினசரித் தீனிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: கடையில் விற்கும் விதைக் கலவை, பெல்லட் (தானியத்தோடு வைட்டமின்களும் சேர்த்து அரைத்துக் குச்சி போலச் செய்த தீனி), வீட்டிலேயே தயாரிக்கும் முளைப்பயறு-கீரை-காய்த் தட்டு. மிஞ்சிய சாதமும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கிலேயே வராது. உப்பும் மாவும் தவிர அதில் ஒன்றும் இல்லை. சத்தை மட்டும் பார்த்தால் பெல்லட்தான் முதலில் நிற்கும். ஆனால் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், எந்தத் தீனி கெடாமல் கிளியின் வாய்க்குப் போகிறது என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

விதைக் கலவை மலிவு, எங்கும் கிடைக்கும், கிளிக்கும் பிடிக்கும். சிக்கலே அந்தப் பிடித்தத்தில்தான். கலவையில் பத்து வகை இருந்தாலும் கிளி சூரியகாந்தி விதையைத்தான் முதலில் பொறுக்கும். அதன் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம். கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். வருடக்கணக்கில் இதையே தின்ற பறவைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், அலகு தாறுமாறாக நீளும், மூக்குத் துவாரம் அடைத்துத் தும்மல் வரும். ஆப்பிரிக்கன் கிரேவுக்குக் கால்சியம் இறங்கினால் வலிப்பே வந்துவிடும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு எதிரிலேயே நடக்கிறது. கிளி விதையை அலகுக்குள் நாக்கால் உருட்டி, தோலை உரித்து அதே கிண்ணத்தில் துப்பிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும். உள்ளே இருப்பது வெறும் உமி. தினமும் காலையில் ஊதிப் பாருங்கள். நிறைந்த கிண்ணத்தின் முன்னால் பட்ஜெரிகர் பட்டினி கிடப்பது இப்படித்தான்.

மல்லாட்டை (நிலக்கடலை) விளையும் ஊர் என்பதால் கிளிக்கும் அதை அள்ளிப் போடுகிறார்கள். ஈரம் பட்ட மல்லாட்டையில் வளரும் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அது நேராகக் கல்லீரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதுவும் வேண்டாம். நல்லதாகவே இருந்தாலும் கான்யூருக்கு ஒரு பருப்பு, அதுவும் வாரம் ஒன்றிரண்டு நாள் போதும்.

பெல்லட்டில் பொறுக்க முடியாது, ஒவ்வொரு கடியிலும் ஒரே சத்து. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பறவைக்குக் கிடைக்காத வைட்டமின் டி3-யும் அதில் இருக்கிறது. விலை விதையைவிடப் பல மடங்கு. அதைவிடப் பெரிய குறை, சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்துச் சாதாரணக் கவரில் கட்டி விற்பது. அந்தக் கவரில் தேதி இருக்காது. சூட்டில் எண்ணெய் சிக்கெடுத்து வைட்டமினும் போயிருக்கும். நிறுவனம் சீல் வைத்த சிறிய பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் நிழலில் வைத்து, பிரித்த ஆறு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். பெல்லட் தரும்போது தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலக்கக் கூடாது. ஏ-யும் டி3-யும் அளவு மீறினால் அதுவே நஞ்சு. 'இதுவும் குச்சி மாதிரிதானே' என்று கோழித் தீவனம் போடுவதும் தவறு. அது வேறு பறவையின் கணக்கு, சிலவற்றில் மருந்தும் கலந்திருக்கும்.

மூன்றாவது வழியில்தான் நம் ஊருக்கு வசதி அதிகம். ஒரு காக்டீலுக்கு ஒரு வேளைத் தட்டு: முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு டீஸ்பூன், வேகவைத்த கேழ்வரகு அல்லது சாமை ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய காயும் கீரையும் இரண்டு டீஸ்பூன். சாமை ஜவ்வாது மலையிலேயே விளைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், பப்பாளி. பழுத்த கோவைப்பழம் கிடைத்தால் விடாதீர்கள். பச்சை மிளகாயும் தரலாம். பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்காது. பாலக் கீரையைக் குறையுங்கள், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் நம் பெருமை என்றாலும், கத்திரியின் காம்பும் இலையும் கிளிக்கு ஆகாது. அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை எல்லாம் அடியோடு விலக்க வேண்டியவை.

பயறை இரவு எட்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து ஈரத் துணியில் கட்டுங்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசினால் மறுநாள் சிறு முளை எட்டிப் பார்க்கும். தருவதற்கு முன் இன்னொரு முறை அலசுங்கள். புளித்த வாசனையோ வழுவழுப்போ இருந்தால் குப்பைக்குப் போகட்டும். மே மாதத்தில் இது எளிதில் கெடுகிறது, அதனால் முளை வந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். தட்டைக் காலை ஆறரைக்கு வைத்தால் எட்டரைக்கு எடுத்தாக வேண்டும். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை நன்றாக வேகவைக்காமல் தரக் கூடாது.

இந்தத் தட்டின் குறை, டி3 இல்லை, கால்சியத்தின் அளவும் உறுதியில்லை. கால்சியத்துக்கு, நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் கடல் நுரையை (கணவாயின் உள் ஓடு) முழுத் துண்டாக வாங்கிக் கூண்டில் கட்டுங்கள். காலை இளவெயில் கண்ணாடி வழியாக இல்லாமல் நேராக இருபது நிமிடம் படட்டும். கூண்டில் ஒரு மூலை நிழலாக இருக்கட்டும்.

எங்கள் தேர்வு இதுதான். கான்யூருக்கும் கிரேவுக்கும் பெல்லட் அறுபது முதல் எழுபது சதவீதம், மீதி பெரும்பாலும் தட்டு. விதை பழக்குவதற்கான பரிசு மட்டும். பட்ஜெரிகருக்கும் காக்டீலுக்கும் பாதி பெல்லட், கால் பங்கு தட்டு, கால் பங்கு தினை. பகலில் பெல்லட், மாலையில் அளந்த விதை. புதிய பெல்லட் கிடைக்காத ஊரில், பழைய பெல்லட்டைவிடத் தட்டும் தினையும் கடல் நுரையும் மேல்.

மாற்றத்துக்கு நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் வாரம் பெல்லட்டைப் பொடித்து ஈரத் தட்டின் மேல் தூவுங்கள். பிறகு வாரவாரம் விதையைக் கொஞ்சம் குறையுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடாதீர்கள், சின்னப் பறவை ஒன்றிரண்டு நாள் பட்டினியில் செத்துவிடும். தினமும் காலையில் தீனிக்கு முன் கிராம் தராசில் எடை பாருங்கள். 90 கிராம் காக்டீல் 81-க்கு இறங்கினால் அன்றே பழைய விதைக்குத் திரும்பி விடுங்கள். அதற்கும் ஏறாமல் சிறகை உப்பி உட்கார்ந்திருந்தால், பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டு போங்கள்.