ஸ்வநிதியா, குழுக் கடனா? வேலூர் பெண் வியாபாரியின் கணக்கு

2020 ஊரடங்கில் கைமுதல் கரைந்துபோய், நேதாஜி மார்க்கெட் பக்கம் மறுபடி பூக்கடை போட நினைத்தவருக்கு இரண்டு வழி.

அந்த ஜூனில் வந்த பிரதமர் ஸ்வநிதி, தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். அதில் முதல் கடன் அப்போது 10,000 ரூபாய் வரை, 2025-ல் அது 15,000 ஆனது. பிணை கேட்கமாட்டார்கள். ஓராண்டில் கட்ட வேண்டும், 10,000-க்கு மாதம் 900 ரூபாய்க்குப் பக்கம் வரும். 7 சதவீத வட்டி மானியம் தவணையில் கழியாது. காலாண்டுக்கு ஒருமுறை தனியாகக் கணக்கில் ஏறும். தவணை தவறி வாராக்கடன் ஆனால் அந்த மானியமும் இல்லை. மாநகராட்சியின் விற்பனைச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் வேண்டும். மாட்டிக்கொள்ளும் இடம் ஓடிபி: ஆதாரில் பழைய செல் நம்பர் இருந்தால் விண்ணப்பம் நகராது. முதல் வேலை அதை மாற்றுவதுதான்.

மகளிர் குழுக் கடனில் தொகை பெரிது, பொறுப்பும் பெரிது. கூட்டம், சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தருவது), திருப்பிச் செலுத்தல், கணக்குப் புத்தகம் ஐந்தையும் வங்கி பார்க்கும். ஊரடங்கில் கூட்டம் நின்று தீர்மான நோட்டு காலியாகக் கிடந்தால் அங்கேயே கேள்வி எழும். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில்.

அன்றாடச் சரக்குக்கு ஸ்வநிதி போதும். கிரைண்டர், தையல் மெஷின் என்றால் குழுதான். குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துக்குள்ளேயே விற்பவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. நகரத்தில் விற்பவருக்குத்தான் ஸ்வநிதி.