பெர்லினில் ஒரு பழைய சைக்கிள்: நாலு வருடமும் ஒரு தீபாவளி வாரமும்

பெர்லினுக்கு வந்த புதிதில் எல்லோரும் கேட்கும் இரண்டாவது கேள்வி, “சைக்கிள் வாங்கிட்டீங்களா?” என்பதுதான். முதல் கேள்வி, வீடு கிடைத்ததா என்பது. வீடு கிடைக்க ஏழு மாதம் ஆனது. சைக்கிள் ஒரே மாலையில் கிடைத்துவிட்டது. 2021 அக்டோபரில், ஊரைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு மாணவரிடம் 180 யூரோவுக்கு வாங்கினேன். 28 அங்குலச் சக்கரம், இரும்பு ஃப்ரேம், பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்புக்குள்ளேயே ஏழு கியர், பச்சையா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். கம்பெனிப் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. மீதியை நானே உரித்துவிட்டேன்.

நாலு வருடமாக மழை, பனி என்று பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். சைக்கிள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள் என்பதே என் பதில். கோடையில் ஓட்டினால் இது விளங்காது. அக்டோபரில் ஒரு வாரம், ஆபீஸ் போய்க்கொண்டே வீட்டு வேலைகளையும் அதே சைக்கிளில் முடித்துப் பார்த்தால் விளங்கிவிடும். 2025 அக்டோபர் 20 முதல் 24 வரை எனக்கு அப்படி ஒரு வாரம் அமைந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் கால் பிரேக் பற்றி. நம் ஊர் சைக்கிளில் பெடலைப் பின்னால் சுற்றினால் வெறுமனே டிக் டிக் என்று சுற்றும். சும்மா நிற்கும்போதுகூட அப்படிச் சுற்றிக்கொண்டிருப்பது நமக்குச் சின்ன வயதுப் பழக்கம். இங்கே பெரும்பாலான பழைய ஊர் சைக்கிள்களில் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் நின்றுவிடும். முதல் வாரம் பழக்கதோஷத்தில் பின்னால் சுற்றப் போய், நடுப்பாதையில் சடாரென்று நின்று, பின்னால் வந்த பெண்ணிடம் ஜெர்மனில் என் முதல் திட்டை வாங்கினேன். சிக்னலில் நின்றபின் பெடலைத் தோதான உயரத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. நிற்பதற்கு முன்பே வலது பெடல் மேலே இருக்கும்படி பார்த்து, கடைசி நொடியில் கை பிரேக்கைப் பிடிக்க வேண்டும். இது கைவர ஒரு மாதம் ஆனது. ஆனால் இப்போது இது இல்லாத சைக்கிளை வாங்க மாட்டேன். முன்சக்கர ரிம் பிரேக் மழையில் நனைந்தால் முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிடிக்காமல் வழுக்கும், கீச்சென்று கத்தும். கால் பிரேக் ஹப்புக்குள் மூடியிருப்பதால் அதற்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான்.

சரி, அந்த வாரத்துக்கு வருவோம். திங்கட்கிழமை தீபாவளி. இங்கே விடுமுறை கிடையாது. ஐந்தரை மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஊருக்கு வீடியோவில் பேசி, ஏழே முக்காலுக்கு சைக்கிளை எடுத்தபோது சூரியன் அப்போதுதான் தலை காட்டியிருந்தது. ஆபீசுக்குக் கொண்டுபோக முறுக்கும் ரவா லாடும் கேரியர் பைக்குள். வீடு இருக்கும் ஹெர்மன்பிளாட்ஸ் பக்கத்திலிருந்து ஆபீஸ் இருக்கும் ஃபிராங்க்ஃபுர்ட்டர் டோர் வரை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். அதில் ஒரு குறுக்குத் தெரு மட்டும் கருங்கல் பாவியது. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. அங்கே வாங்கும் உதையெல்லாம் நேராகக் கேரியருக்குப் போகும். போய்ப் பார்த்தால் லாடு பிழைத்திருந்தது, முறுக்கு முழுக்கப் பொடி. கூட வேலை செய்கிறவர்கள் அதுதான் முறுக்கின் வடிவம் என்று நினைத்து ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டார்கள். நான் திருத்தவில்லை. உடையக்கூடிய எதையும் முதுகுப்பையில் வையுங்கள், நம் முதுகு நல்ல ஸ்பிரிங்.

போகிற வழி மோசமில்லை. கோட்புஸர் டாம் சாலையில் 2020 கொரோனா காலத்தில் ஒரு லேனைத் தடுத்து சைக்கிளுக்கென்று ஒதுக்கினார்கள். தற்காலிகம் என்று தொடங்கியது நிலைத்துவிட்டது. அதற்கு அப்புறம் கோட்புஸர் டோரில் திரும்பினால், 1902இல் ஓடத் தொடங்கிய மேம்பால ரயிலின் நிழலிலேயே ஆற்றங்கரை வரை போகலாம். ரயில் தலைக்கு மேல் போகும்போது பெல் அடித்தாலும் யாருக்கும் கேட்காது என்பது ஒன்றுதான் குறை. சரக்கு வேன்கள் சைக்கிள் பாதையிலேயே நிறுத்தப்பட்டிருப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது.

செவ்வாய்க்கிழமைதான் சைக்கிளுக்கு நிஜமான பரீட்சை. செவ்வாயும் வெள்ளியும் கால்வாய்க் கரையில் மாய்பாஹ் உஃபரில் துருக்கியர் சந்தை கூடும். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும், சனிக்கிழமை கூட்டத்தில் நிற்க முடியாது, அதனால் காய்கறி என்பது எனக்கு வாரநாள் வேலை. ஆபீசிலிருந்து கொஞ்சம் முன்னதாகக் கிளம்பி ஐந்து மணிக்குப் போனேன். சந்தை முடியும் நேரத்தில் விலையைக் கூவிக் கூவிக் குறைப்பார்கள். ஐந்து கிலோ வெங்காயம், கத்தரிக்காய், பச்சை மிளகாய், விளக்குமாறு கனத்துக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி.

இதையெல்லாம் தாங்குவது ஆர்ட்லீப் கம்பெனியின் கேரியர் பைகள். ஜோடி நாற்பது லிட்டர், வாயைச் சுருட்டிக் கட்டினால் தண்ணீர் புகாது, கொக்கியைத் தூக்கினால் கழன்றுவிடும். 130 யூரோ கொடுத்தபோது வயிறு எரிந்தது. மூன்றாவது வருடம் ஓடுகிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கியதில்லை. வெங்காயத்தை ஒரு பையிலும் மற்றதெல்லாம் இன்னொன்றிலும் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பிரித்துப் போட வேண்டும். அது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். தெரியாதது ஸ்டாண்டு விஷயம். வாங்கும்போது ஒற்றைக்கால் ஸ்டாண்டு இருந்தது. பாரம் ஏற்றி நிறுத்தினால் குடிகாரன் மாதிரி சாய்ந்து விழும். ஒருமுறை இரண்டு டஜன் முட்டையோடு விழுந்தது. அன்றே 45 யூரோவுக்கு ரெட்டைக்கால் ஸ்டாண்டு வாங்கி மாட்டினேன். பால்காரர் சைக்கிளில் கேனை ஏற்றும்போது ஏன் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார் என்பது எனக்கு ஜெர்மனி வந்துதான் புரிந்தது.

போகும்போது பை காலியாகப் போவதில்லை. கடையில் திருப்பிக் கொடுக்கக் காலி பாட்டில்கள் போகும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பியர் பாட்டிலுக்கு 8 சென்ட் திருப்பித் தருவார்கள். கண்ணாடி பாட்டில்களோடு கருங்கல் தெருவில் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும், இந்த ஆள் எவ்வளவு குடிக்கிறான் என்று. நடுவில் துண்டுத் துணி வைத்தால் மானம் தப்பும்.

புதன்கிழமை பார்சல் வாங்கப் போனதோடு சரி. வீட்டிலேயே இருந்த என்னைப் பார்த்து “வீட்டில் ஆள் இல்லை” என்று சீட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு கடையில் கிடந்தது.

வியாழக்கிழமை மழையோடு காற்று. இந்த ஊரில் இலையுதிர் காலத்தைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் யாரும் அன்று சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார்கள். காய்ந்த இலை அழகு, நனைந்த இலை சோப்பு. அதைவிட மோசம், இலை எதையெல்லாம் மூடி மறைக்கிறது என்பது. குழி, நடைபாதை விளிம்பு, கீழே உதிர்ந்த காட்டுக் கஷ்கொட்டைக் காய், எல்லாவற்றுக்கும் மேல் டிராம் தண்டவாளம். நான் இருக்கும் பக்கம் டிராமே கிடையாது. மேற்கு பெர்லினில் 1967இல் டிராமை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள், கிழக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓபர்பௌம் பாலம் அந்தக் காலத்து எல்லை. பாலத்தைத் தாண்டி மேலே ஏறியதும் தண்டவாளம் வந்துவிடும். சுவர் போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, என் சைக்கிளுக்கு மட்டும் எல்லை இன்னும் இருக்கிறது. 2023 நவம்பரில் இலைக்கு அடியில் இருந்த தண்டவாளப் பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். மணிக்கட்டு மூன்று வாரம் வீங்கியிருந்தது. தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கக் கூடாது, முடிந்தவரை செங்குத்தாகத் திருப்பிக் கடக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளிக்கொண்டு போகிறவனை இங்கே யாரும் கேலி செய்வதில்லை.

அந்த விழுதலுக்கு அப்புறம் டயரை மாற்றினேன். 47 மில்லிமீட்டர் அகலம், உள்ளே தடித்த ரப்பர் அடுக்கு வைத்தது. முதல் வருடத்தில் மட்டும் ஐந்து பங்சர், எல்லாம் வாரக் கடைசியில் உடைந்த பாட்டில் துண்டுகளின் உபயம். மாற்றியபின் இரண்டு வருடத்தில் ஒன்றே ஒன்று. கனம் தெரியும், கிளம்பும்போது கொஞ்சம் சோம்பேறித்தனம் காட்டும். அந்த ஒரே பங்சரின்போது டயரை ரிம்மிலிருந்து கழற்றி மாட்டுவதற்குள் இரண்டு கட்டைவிரலும் தேய்ந்துவிட்டன. நம் ஊரில் என்றால் மூலைக்கடையில் விட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். இங்கே கடையில் விட்டால் நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள்.

வியாழன் மாலை திரும்பும்போது டெம்பல்ஹோஃப் திடல் பக்கம் ஒரு நண்பருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. 2008இல் மூடிய விமான நிலையம், 2010இல் பூங்காவாகத் திறந்தார்கள். ஓடுபாதையிலேயே சைக்கிள் விடலாம். சாதாரண நாளில் அது சொர்க்கம். எதிர்க்காற்றில் முதல் கியரில் மிதித்து, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். இருட்டினால் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள், அதனால் திரும்பும்போது சுற்றிக்கொண்டு சாலை வழியாகவே வந்தேன்.

வெள்ளிக்கிழமை கந்த சஷ்டியின் மூன்றாம் நாள். தெற்கே பிரிட்ஸ் பகுதியில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, 2013இல் குடமுழுக்கு நடந்தது. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்தான். போகும் வழியில் கறிவேப்பிலைக்காக ஒரு கடையில் இறங்கினேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, “உந்தக் குளிருக்குள்ள சைக்கிள்லயோ வந்தனீங்கள், தம்பி?” என்றார். “பழகிப்போச்சு அண்ணை” என்றேன். “எங்கட ஊரிலயும் சைக்கிள்தான். ஆனா இப்படி நடுங்கிக்கொண்டு ஓடேல்லை” என்று சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி கறிவேப்பிலை சேர்த்துப் போட்டார்.

பூஜை முடிந்து திரும்பும்போது எட்டரை மணி. இங்கேதான் விளக்கு பற்றிச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 2013 வரை பெரும்பாலான சைக்கிள்களுக்கு டைனமோ கட்டாயமாக இருந்தது. அப்புறம்தான் பேட்டரி விளக்கை அனுமதித்தார்கள். நான் முதலில் பேட்டரி விளக்குதான் வைத்திருந்தேன். குளிரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், சார்ஜ் போட மறந்துவிடும், நிறுத்தும் இடமெல்லாம் கழற்றிப் பையில் போட வேண்டும், இல்லையென்றால் வேறு யாராவது கழற்றிக்கொள்வார்கள். விளக்கில்லாமல் பிடிபட்டு 20 யூரோ கட்டினேன். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்டு அனுப்பிய காலத்தைப் பற்றி அப்பா சொல்வார். அதற்கு இது மரியாதையான தண்டனைதான். கையில் செல்போனோடு ஓட்டினால் 55, சிவப்பு சிக்னலைத் தாண்டினால் 60 யூரோவும் ஒரு தண்டனைப் புள்ளியும். அவை இரண்டும் எனக்கு வந்ததில்லை.

அடுத்த மாதமே முன்சக்கரத்தை மாற்றி ஹப் டைனமோ வைத்துக்கொண்டேன். நாம் தெரிந்து வைத்திருக்கும் டைனமோ, டயரில் உரசிக் கர்ரென்று சத்தம் போட்டு, மிதிக்கிறவனின் உயிரை எடுப்பது. இது சக்கரத்தின் அச்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. சத்தமில்லை, இழுவையும் தெரிவதில்லை. சிக்னலில் நின்றாலும் சில நிமிடம் எரியும். விளக்கோடு சேர்த்து 130 யூரோ. நாலு வருடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான செலவு இது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் 180. பூட்டு 70, டயர்கள் 80, டைனமோ சக்கரமும் விளக்கும் 130, பைகள் 130, ஸ்டாண்டு 45, இடையில் செயின், பிரேக் கட்டை, திருட்டுப்போன சீட்டுக்கு மாற்று என்று 90. மொத்தம் 725. நாடு முழுக்கச் செல்லும் மாத டிக்கெட் 2025இல் 58 யூரோ. அதோடு ஒப்பிட்டால் பன்னிரண்டரை மாதக் காசு. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி பிடித்தால் நானும் அந்த டிக்கெட்டை வாங்குவதுண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. சைக்கிள் விலையைப் போல மூன்று மடங்கு, மாட்டிய சாமான்களுக்குப் போயிருக்கிறது. கடையில் இவை எல்லாம் பொருத்தியே வரும் வண்டி ஒன்றை வாங்கியிருக்கலாமே என்று மனைவி கேட்கிறாள். பதில் இருக்கிறது: புதிதாக இருந்தால் இந்தத் தெருவில் நாலு வருடம் நின்றிருக்காது. பழசு என்பதால் திருடர்கள் சீட்டோடு விட்டார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. பதினெட்டு கிலோ, படியேற்ற முடியாது, பின்கட்டு முற்றத்தில் மழையில் நிற்கிறது. கியர் கேபிள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தளர்ந்துபோகும். நாலாவது கியரில் வைத்து, ஹப்பில் உள்ள இரண்டு கோடுகளும் நேராக வரும்வரை திருகிவிட்டால் சரியாகிவிடும். அந்த வெள்ளிக்கிழமை இரவும் ஏற்றத்தில் கடக் என்று நழுவியது.

ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். அன்று மதியம் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கோடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். நாலே முக்காலுக்கே சூரியன் போய்விட்டது. கை தானாக முன்சக்கரத்தைச் சுற்றியது, அந்த வெளிச்சத்தில் மீதியை முறுக்கி முடித்தேன்.