டோர்ஸ்டாப்: தேவை மாறினால் எந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று சொல்லும் இலவச மென்பொருள்

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் சிறிய மின்னணுத் தொழிலகத்தில், ஒரு கருவியின் வடிவமைப்பு தொடங்கியதிலிருந்து விற்பனைக்குப் போகும் வரை டோர்ஸ்டாப் என்ற திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தினோம். கருவி என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் தேவைகளையும் அவற்றுக்கான சோதனைகளையும் இணைத்து வைப்பதே இதன் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தேவை திருத்தப்பட்டால் ஏற்கெனவே முடிந்துபோன எந்தச் சோதனை இனி செல்லாது என்று காட்டுவதில் இது மிகவும் கெட்டிக்காரத்தனமானது; ஆனால் அந்தச் சோதனையை எப்போது, எங்கே, யாரைக் கொண்டு செய்வது என்று திட்டமிடுவதற்கு இதனால் ஏறக்குறைய எந்த உதவியும் இல்லை.

நாங்கள் செய்தது காசிமேட்டு விசைப்படகுகளுக்கான ஓர் எச்சரிக்கைக் கருவி. இன்ஜின் அறையில் நீர் ஏறினால் மிதவை சுவிட்ச் மேலெழும்பி, ஓட்டுநர் நிற்கும் இடத்தில் ஒலி எழுப்ப வேண்டும். இத்தகைய பொருளுக்கு மேசைச் சோதனை எளிது. தூசியும் நீரும் புகாமைக்கான ஐ.பி. 67 தரத்துக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்க வைப்பதும், 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைப் புகையாகத் தெளித்துத் துருவைப் பார்ப்பதும் ஆய்வகத்திலேயே முடிந்துவிடும். இவையெல்லாம் வெரிஃபிகேஷன்; எழுதி வைத்தபடி கருவி இருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். எழுதி வைத்ததே சரிதானா, படகில் இருப்பவருக்கு அது உதவுகிறதா என்பது வேலிடேஷன். அதைப் படகில்தான் பார்க்க முடியும். தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பு, 8.3.4 பிரிவில் இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறது. அப்படியிருந்தும், ஆய்வக அறிக்கையையே பெயர் மாற்றி வேலிடேஷன் கோப்பில் செருகி வைத்திருக்கும் தொழிலகங்கள் நம் பக்கத்தில் குறைவல்ல என்பது தணிக்கைக்குப் போய்வருபவர்களுக்குத் தெரியும்.

மென்பொருள் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு தேவையும், ஒவ்வொரு சோதனையும் தனித்தனி யாமல் கோப்பாக, அதாவது எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பாக, கிட் களஞ்சியத்தில் இருக்கும்; கிட் என்பது கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள். ஆவணங்கள் மரம்போல் கிளை பிரியும்: மேலே படகோட்டியின் தேவைகள், அதன் ஒரு கிளையாகக் கருவியின் தொழில்நுட்பத் தேவைகள், மற்றொரு கிளையாக வேலிடேஷன் பட்டியல், தொழில்நுட்பத் தேவைகளுக்குக் கீழே மேசைச் சோதனைகள். ஒரு சோதனையைத் தேவையோடு இணைத்து அந்த இணைப்பை ஒப்புக்கொள்ளும்போது, அந்த நேரத்தில் தேவையின் வாசகம் எப்படி இருந்தது என்பதற்கான கைரேகை ஒன்று, நீளமான எழுத்துக் கோவையாக, சோதனையின் கோப்பிலேயே பதிவாகிறது. பின்னர் யாராவது தேவையில் ஒரு சொல்லை மாற்றினாலும் கைரேகை பொருந்தாமல் போய், அடுத்த முறை டோர்ஸ்டாப்பின் சரிபார்ப்புக் கட்டளையை இயக்கும்போது அந்த இணைப்பு சந்தேகத்துக்குரியது என்ற எச்சரிக்கை திரையில் விழும்.

இதன் பயனை எங்களுக்குக் காட்டியது நாலாம் எண் தேவை. இன்ஜின் அறையில் நீர் ஏறத் தொடங்கியதும் கருவி ஒலிக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தோம். மேசையில் எல்லாம் சரியாக இருந்தது. கடலில், படகு ஒவ்வொரு முறை சாயும்போதும் அடித்தளத்தில் எப்போதும் கிடக்கும் கொஞ்சம் நீர் ஒரு பக்கமாக ஓடி மிதவையைத் தூக்க, கருவி ஓயாமல் கத்தியது. துறைமுகத்துக்குத் திரும்பியபோது ஒலிப்பெட்டிக்குப் போகும் ஒயர் பிடுங்கப்பட்டு, முனையில் இன்சுலேஷன் டேப் நேர்த்தியாகச் சுற்றப்பட்டிருந்தது. “சும்மா சும்மா கத்திக்கினு இருந்தா எவன் சார் காதுல வாங்குவான்?” என்று ஓட்டுநர் கேட்டார். எந்த அறிக்கையிலும் இதைவிடத் தெளிவான வேலிடேஷன் முடிவை நான் படித்ததில்லை. தேவையைத் திருத்தினோம்: ஆட்டத்தில் அலைமோதும் நீருக்கு ஒலிக்கக் கூடாது, நிலையாக ஏறும் நீருக்கு மட்டுமே ஒலிக்க வேண்டும்.

கட்டளையை இயக்கியதும் மிதவையின் உயரம், ஒலிக்கும் முன் உள்ள தாமதம் ஆகிய தொழில்நுட்பத் தேவைகளின் இணைப்புகள் சந்தேகத்துக்கு வந்தன, அது எதிர்பார்த்ததுதான். அவற்றோடு, நாங்கள் முடிந்துவிட்டதாக மூடி வைத்திருந்த இன்னொரு வேலிடேஷனும் வந்து நின்றது: ஒலி கேட்ட பிறகு, நீர் பேட்டரியைத் தொடுவதற்குள் பம்பை இயக்கப் படகில் இருப்பவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்பது. மிதவையை உயர்த்தித் தாமதத்தையும் கூட்டினால், அந்த நேரம்தானே குறையும்! எக்செல் அட்டவணையில் அந்தக் கட்டம் பச்சையாகவே இருந்திருக்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். கரையில் நின்ற படகில் குழாய் வைத்து நீர் நிரப்பி மீண்டும் சோதித்ததில், பேட்டரித் தட்டையும் உயர்த்த வேண்டும் என்று பொருத்தும் முறைக் கையேட்டில் ஒரு வரி சேர்ந்தது.

இங்கேயே ஒரு பெரிய குறையையும் சொல்ல வேண்டும். எச்சரிக்கை ஒரு படி மட்டுமே தாண்டும். மேலே உள்ள படகோட்டியின் தேவையைத் தொடாமல், அதன் கீழ்க் கிளையில் உள்ள மிதவையின் உயரத்தை மட்டும் மாற்றியிருந்தால், மேசைச் சோதனைதான் சந்தேகத்துக்கு வந்திருக்கும். பக்கத்துக் கிளையில் இருக்கும் வேலிடேஷன் பட்டியல் எதுவும் நடக்காததுபோல் அமைதியாக இருந்திருக்கும். வடிவமைப்பில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஆகவே தொழில்நுட்பத் தேவையை மாற்றுபவர் அதற்கு மேலுள்ள தேவையையும், அதன் வேலிடேஷனையும் திறந்து படித்து ஒரு வரி எழுத வேண்டும் என்று நாங்களாகவே விதி வைத்துக்கொண்டோம். மென்பொருள் அதைக் கட்டாயப்படுத்தாது.

திட்டமிடலுக்கு வந்தால், நிலைமை இன்னும் மெலிவு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தக் காலத்தில் கடலுக்குள் செய்ய வேண்டிய எந்த வேலிடேஷனும் நடக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் அப்போதும் படகு போகாது. மறுபக்கம், படகுகள் கட்டிக் கிடந்து பழுதுபார்க்கப்படும் தடைக்காலம்தான் ஒயர் இழுப்பது, நீர் நிரப்பிப் பார்ப்பது, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிட்டு ஒலி கேட்கிறதா என்று பார்ப்பது போன்ற வேலைகளுக்கு உகந்த காலம். எந்தச் சோதனைக்குக் கடல் வேண்டும், எதற்குக் கரை போதும் என்று பிரித்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்துவிடுகிறது. டோர்ஸ்டாப்பில் கெடு தேதி என்ற ஒன்றே இல்லை; யாருடைய பொறுப்பு, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பலகையும் இல்லை. கோப்பில் நாமாகவே இடம், பொறுப்பாளர், ஏற்பு அளவுகோல், நிலை என்று கூடுதல் புலங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவற்றை எக்செல் கோப்பாக ஏற்றுமதி செய்து வடிகட்டலாம். அந்தப் புலங்களில் எவற்றின் மாற்றம் கைரேகையைப் பாதிக்க வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் குறிப்பிடும் வசதி நன்றாக இருக்கிறது: ஏற்பு அளவுகோலைச் சேர்த்தோம், பொறுப்பாளர் பெயரை விட்டுவிட்டோம். நாள் குறிப்பதற்கு மட்டும், பட்டறைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியே கடைசிவரை துணையாக இருந்தது.

மற்றொரு விஷயம் கவலை தருவது. சந்தேகத்துக்கு வந்த எல்லா இணைப்புகளையும் ஒரே கட்டளையில் சரி என்று ஒப்புக்கொள்ள முடியும். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர் கையில் அந்தக் கட்டளை இருப்பது ஆபத்து. யார், எப்போது செய்தார் என்பது கிட் வரலாற்றில் பதிவாகும் என்பது ஆறுதல்; ஆனாலும் தன் சோதனையைத் தானே ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற ஒழுங்கை நிர்வாகம்தான் ஏற்படுத்த வேண்டும்.

கற்றுக்கொள்வது நிரல் எழுதுபவர்களுக்குக் கடினமல்ல. பைத்தான் இருந்தால் ஒரே வரியில் நிறுவிவிடலாம். டிப்ளமோ முடித்துச் சோதனைப் பிரிவில் இருக்கும் எங்கள் தம்பிகளுக்குக் கிட் பழகுவதே பெரும்பாடாக இருந்தது. கூடவே வரும் சாளர இடைமுகம் பார்க்க உதவுகிறதே தவிர அன்றாட வேலைக்குப் போதவில்லை. எனவே அவர்கள் படகிலிருந்து தாளில் எழுதி வந்ததை ஒருவர் உட்கார்ந்து கோப்பில் ஏற்றினார்.

இதே வேலையைச் செய்யும், ஐ.பி.எம். நிறுவனத்தின் டோர்ஸ் போன்ற வணிக மென்பொருள்கள் விமானம், வாகனம் போன்ற பெருந்தொழில்களுக்கு உரியவை. ஆயிரக்கணக்கான தேவைகளும் பல ஒப்பந்ததாரர்களும் உள்ள இடத்தில் டோர்ஸ்டாப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில நூறு தேவைகளும், ஏற்கெனவே கிட் பழகிய ஓரிருவரும் உள்ள தொழிலகம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். எல்.ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமம் என்பதால் பணம் தர வேண்டியதில்லை. பின்னாளில் இதைக் கைவிட்டாலும் கோப்புகள் வெறும் எழுத்தாக நம்மிடமே இருக்கும். வாங்குபவருக்குக் காட்ட எல்லா ஆவணங்களையும் இணைப்புகளோடு உலாவியில் திறக்கும் எச்.டி.எம்.எல். பக்கங்களாக வெளியிடும் வசதியும் உண்டு. நாங்களாகச் சேர்த்த கூடுதல் புலங்கள் அந்தப் பக்கங்களில் தாமாக வராது. எவை அச்சாக வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆவணத்தின் அமைப்புக் கோப்பிலும் குறிப்பிட வேண்டும். அறிக்கையை அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.