சூட்கேஸ் உடைந்து வந்தால், முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்

லண்டனில் மகளின் பிரசவத்துக்குப் போய் ஐந்து மாதம் நின்றுவிட்டு வந்தேன். எனக்கு நடந்ததை வன்னியில் இருந்து வெளிநாடு போய்வருகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்களுக்கு விமான நிலையம் பக்கத்தில் இல்லை. கட்டுநாயக்காவில் இறங்கி வான் பிடித்து, புத்தளம், அநுராதபுரம், வவுனியா தாண்டி மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானுக்கு வந்து சேர ஆறேழு மணித்தியாலம் ஆகும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் நியாயம் கேட்கிற தூரம் இல்லை.

நான் தையல் வேலை செய்கிறேன். பாடசாலைப் பிள்ளைகளின் சீருடை, சட்டை, பிளவுஸ் எல்லாம் தைப்பேன். துணி ஓரம் அடிக்க ஓவர்லொக் மெஷின் இல்லாமல் இவ்வளவு காலமும் வேறொரு இடத்தில் கொடுத்துக் காசு கட்டித்தான் வாங்கினேன். அதைப் பார்த்து மகள் 180 பவுணுக்கு ஒரு சின்ன ஓவர்லொக் மெஷின் வாங்கித் தந்தாள். நான்கு நூல் போடலாம். அதைக் குளிக்கிற துவாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாலு பக்கமும் பேரப்பிள்ளையின் பழைய போர்வையை அடைந்து, கடும் பிளாஸ்டிக் சூட்கேஸின் நடுவில் வைத்து நானே கட்டினேன்.

செவ்வாய்க்கிழமை விடிய நாலு மணிக்கு இறங்கினேன். பெல்ட்டில் என் சூட்கேஸ் சரிந்தபடி வந்தது. ஒரு சில்லு இல்லை, சில்லு இருந்த இடத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த மூலை நாலு விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது. வெடிப்புக்குள்ளால் நீலத் துவாய் தெரிந்தது. யாரோ அதன் மேல் ரேப் ஒட்டி விட்டிருந்தார்கள். அந்த ரேப்பைக் கண்டதும் எனக்கு நெஞ்சு பகீர் என்றது. உடைந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பொதி முறைப்பாட்டு மேசைக்குப் போனேன். தமிழ் கதைக்கக்கூடிய ஒரு தம்பி நின்றார். மரியாதையாகத்தான் கதைத்தார். "சில்லு உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை அம்மா, அது பாவிக்கப் பாவிக்கத் தேய்கிற சாமான். உள்ளே ஏதும் உடைந்திருந்தால் வீட்டுக்குப் போய் ஆறுதலாகப் பார்த்துவிட்டு இந்த நம்பருக்கு எடுங்கோ" என்று ஒரு துண்டில் நம்பர் எழுதித் தந்தார். படிவம் ஏதும் நிரப்ப வேண்டுமோ என்று கேட்டேன். இப்போது தேவையில்லை என்றார். வெளியே வான்காரத் தம்பி இரண்டு மணித்தியாலமாகக் காத்துக்கொண்டு நின்றார். நானும் நம்பி வந்துவிட்டேன்.

அந்தத் துண்டில் விமான நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. சும்மா ஒரு நம்பர்.

வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர் எல்லாம் பார்க்க வந்துவிட்டார்கள். புதன் காலையில்தான் பெட்டியைத் திறந்தேன். மெஷினின் மேல் மூடி இரண்டாகப் பிளந்திருந்தது. நூலைக் கொளுவி எடுக்கிற லூப்பர் கை வளைந்து ஊசித் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றது. சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், கால் சுற்றுக்கு மேல் நகரவில்லை. அதைப் பிறகு வவுனியாவில் மெஷின் திருத்துகிறவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, இந்த வகைக்கு இங்கே பாகம் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

பெட்டியைத் திறந்து பார்த்த உடனே அந்த நம்பருக்கு எடுத்தேன், யாரும் தூக்கவில்லை. வியாழன் ஒரு பிள்ளை தூக்கினா. பெயர், விமானம், உடைந்த சாமான் எல்லாம் சொன்னேன். "பதிந்திருக்கிறேன், திருப்பி எடுப்பார்கள்" என்றா. வெள்ளி போயா விடுமுறை. சனி, ஞாயிறு கந்தோர் பூட்டு. திங்கள் நானே எடுத்தேன். போனில் சொன்னது காணாது, படங்களோடு ஈமெயில் அனுப்புங்கோ என்றார்கள். இதை வியாழனே சொல்லியிருக்கலாம். என் பெறாமகன் வேலை முடிந்து புதன் பின்னேரம்தான் வந்தான். அன்றிரவே அனுப்பினோம்.

பன்னிரண்டு நாள் கழித்து விமான நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. விமான நிலையத்தில் நான் முறைப்பாடு பதியவில்லையாம். பொதியைப் பெற்று ஏழு நாள் கடந்துவிட்டதாம். மெஷின் எளிதில் உடையக்கூடிய பொருளாம், கட்டியது சரியில்லையாம். போதாக்குறைக்கு, லண்டனில் இருந்து வளைகுடா வரை வந்தது வேறு நிறுவனத்தின் விமானம், அங்கே உடைந்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். நல்லெண்ணத்துக்காக அடுத்த பயணத்தில் கழிக்கக்கூடிய ஒரு சிறு தொகைக்கு வவுச்சர் தருகிறார்களாம், ஒரு வருடத்துக்குள் பாவிக்க வேண்டுமாம். ஒரு வருடத்துக்குள் நான் எங்கே போகப்போகிறேன்? வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பெறாமகன் சட்டத்தைத் தேடி எனக்கு வாசித்துச் சொன்னான். இதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். சர்வதேச விமானப் பயணத்துக்கு 1999 மொன்றியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இலங்கை, இந்தியா, பிரித்தானியா, கனடா எல்லாம் அதில் இருக்கின்றன. ஒப்படைத்த பொதி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது உடைந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டியது அவர்கள். பொதியிலேயே இருந்த குறைபாட்டால் உடைந்திருந்தால் அந்த அளவுக்கு அவர்கள் தப்பலாம். அந்தப் பொறுப்பைக் கழற்றிவிடுவதற்காக டிக்கெட்டில் எந்த நிபந்தனை எழுதியிருந்தாலும் அது செல்லாது. சில்லுக்குப் பொறுப்பில்லை என்று மேசையில் ஒருவர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்துவிடாது. இரண்டு மூன்று நிறுவனங்களின் விமானத்தில் மாறி வந்தாலும், முதலாவது நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசியாகக் கொண்டுவந்து இறக்கியவரிடமும் கேட்கலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

ஆனால் ஏழு நாள் என்பது உண்மை. உடைந்த பொதிக்கு, கையில் எடுத்த நாளில் இருந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பிந்தி வந்த பொதிக்கு 21 நாள். போன் எழுத்து ஆகாது. அந்த ஏழு நாளும் கலண்டர் நாள், வேலை நாள் அல்ல. போயாவும் ஞாயிறும் அதற்குள் அடக்கம். நான் புதன் இரவு அனுப்பியது எட்டாம் நாள். ஒரே ஒரு நாள் பிந்தியதால் கேஸ் போடுகிற வழியும் எனக்கு அடைபட்டுப் போனது. நேரத்துக்கு எழுதிக் கொடுத்தவர்களுக்கு வழக்குத் தொடர இரண்டு வருடம் இருக்கிறது.

இதில் என்னை மிகவும் நோகச் செய்த விஷயம் ஒன்று. விமான நிலையத்தில் படிவம் நிரப்பாவிட்டாலும் ஏழு நாளுக்குள் எழுத்தில் கொடுத்திருந்தால் போதுமாம். அன்று காலை புத்தளத்தில் தேத்தண்ணிக்கு வான் நிற்பாட்டிய நேரம் போனிலேயே நாலு வரி ஈமெயில் அனுப்பியிருந்தால் என் முறைப்பாட்டை நேரத்தைச் சாட்டித் தள்ளியிருக்க முடியாது. நான் செய்தது, அந்தக் கடையில் போர்டிங் பாஸைக் கசக்கிக் குப்பையில் போட்டது. சூட்கேஸில் ஒட்டியிருந்த பொதிச்சீட்டையும் வீட்டில் கிழித்துக் குப்பையோடு எரித்துவிட்டேன். நல்லவேளை, லண்டனில் பெட்டியைக் கொடுத்தபோது தந்த துண்டை மகள் போட்டோ எடுத்து வைத்திருந்தாள்.

ஆகவே பெட்டி உடைந்து வந்தால் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே படம் எடுங்கோ, பொதிச்சீட்டு இலக்கம் தெரியக்கூடியதாக. பெட்டியில் வெடிப்பு இருந்தால் வீட்டுக்கு என்று வைக்காமல் அந்த மேசைக்கு முன்னாலேயே திறந்து பாருங்கோ. பொதி முறைப்பாட்டுப் படிவம், பீ.ஐ.ஆர் என்று அவர்கள் சொல்வது, அதன் பிரதியைக் கையில் வாங்குங்கோ. தரமாட்டோம் என்றால் நின்ற இடத்திலிருந்தே ஈமெயில் போடுங்கோ. முறைப்பாடு சொல்லாமல் பொதியை எடுத்துக்கொண்டு போனால், அது நல்ல நிலையில் கிடைத்தது என்பதற்கே அது சான்றாகிவிடும். பிறகு மாறாக நிரூபிக்க வேண்டியது நாங்கள். சாமான் வாங்கிய பற்றுச்சீட்டும், திருத்த எவ்வளவு செலவாகும் அல்லது திருத்தவே முடியாது என்று திருத்துகிறவர் எழுதித் தருகிற கடிதமும் வேண்டும். பலாலி வழியாகச் சென்னை போய்வருகிறவர்களுக்கும் இதே சட்டம்தான்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறவர்களுக்கு: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு ஆகக்கூடியது 1,519 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, அமெரிக்க டொலரில் 2,000-க்குச் சற்று மேலே வரும். அது உச்ச வரம்பு. நட்டம் எவ்வளவு என்று காட்டினால்தான் அந்த அளவு கிடைக்கும். அதைவிடப் பெறுமதியான சாமான் கொண்டுவருகிறவர்கள், பொதியைக் கொடுக்கும்போதே பெறுமதியை அறிவித்து அதற்கு மேலதிகக் கட்டணம் கட்டலாம்.

அடுத்த மாதம் என் சம்பந்தி அம்மா அதே வழியால் தனியாக வருகிறா. அவவின் போனில் ஆங்கிலத்தில் ஒரு ஈமெயிலை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்: இன்ன திகதி, இன்ன விமானம், பொதிச்சீட்டு இலக்கம் இன்னது, என் பொதி சேதமடைந்து கிடைத்தது, நட்டஈடு கோருகிறேன், படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. திகதியையும் இலக்கத்தையும் போட்டு அனுப்ப வேண்டியதுதான். வான்காரத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறேன், பெட்டியைச் சுற்றிப் பார்த்து நாலு சில்லும் இருக்கிறது என்று எனக்குப் போன் பண்ணாமல் வானை எடுக்க வேண்டாம் என்று.